உப்புக்காற்றில் ஓடும் பழைய டீசல் பிக்கப்: வீட்டு வாசலிலேயே கோளாறு கண்டுபிடிக்கவும் பராமரிக்கவும் முழு வழிகாட்டி

காசிமேட்டில் மீன் ஏற்றும் குட்டி யானைக்கும் (டாட்டா ஏஸ்) கோயம்புத்தூரில் நூல் ஏற்றும் குட்டி யானைக்கும் கம்பெனி கொடுக்கும் சர்வீஸ் புத்தகம் ஒன்றே. வண்டி படுகிற பாடுதான் வேறு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல்காற்று வருஷம் முழுக்க உப்பைக் கொண்டுவந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் அப்புகிறது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் மீன் தண்ணீர் சரக்குத் தொட்டியின் இடுக்கு வழியாக இறங்கி, பின் ஆக்ஸில் மேலேயே சொட்டுகிறது. அனல் மின் நிலையப் பக்கம் போனால் சாம்பல், மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றால் புழுதி. மழை பிடித்தால் வியாசர்பாடியிலும் கணேசபுரம் சப்வேயிலும் தேங்கும் தண்ணீர். வடசென்னையில் பழைய டீசல் வண்டியை ஓடிய கிலோமீட்டரைவிட வேகமாகத் தின்பது இவைதான். அதனால் புத்தகத்தில் போட்ட இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இல்லாத சில இடங்களையும் குனிந்து பார்க்க வேண்டும்.

டாட்டா ஏஸ், 207, பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று பத்துப் பதினைந்து வருஷ வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலையே தெரியாதவரும் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

முதலில் உங்கள் இஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள்

பானெட்டையோ சீட்டையோ தூக்கி, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைப் பாருங்கள். டீசல் பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியாக ஒரு இரும்பு பைப் நேராக வந்து, நாசில் தலையில் ஒயர் எதுவும் இல்லாமல் இருந்தால் அது பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சின். 2005-ல் வந்த 702 சிசி, இரண்டு சிலிண்டர் ஏஸ் இந்த வகை. எல்லா பைப்பும் ஒரு தடித்த இரும்புக் குழாயிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு நாசில் தலையிலும் ஒயர் கனெக்டர் மாட்டியிருந்தால் அது காமன் ரயில். தோஸ்த் 2011-ல் வந்தபோதே காமன் ரயில்தான்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. காமன் ரயிலில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். இஞ்சின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ அந்த பைப் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்க ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனால் கை போய்விடும். ஆகவே கீழே சொல்கிற நாசில் நட்டு தளர்த்தும் வேலை மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 8 முதல் 19 வரை ஸ்பானர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், டார்ச், கம்பி பிரஷ், கிரீஸ் கன், இரண்டடி கண்ணாடி டியூப் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்). வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சேஸிஸுக்கு இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்டு ஆகாது, பாரம் தாங்காமல் சட்டென்று உடையும்.

ஸ்டார்ட் ஆகவில்லை: எந்த வரிசையில் பார்ப்பது

“அண்ணே, வண்டி எடுக்கல” என்று போன் வந்தால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, “செல்ஃப் சுத்துதா?” என்பதைத்தான். நீங்களும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது மந்தமாகச் சுற்றுகிறது என்றால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. அப்போதும் 11 நின்று, செல்ஃப் மட்டும் முனகினால் கோளாறு கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது. நம் பகுதியில் முதல் சந்தேகம் எர்த் கேபிள் மேல்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போகிற பாதை உப்பில் அரித்திருக்கிறது. சேஸிஸில் கேபிள் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்குக் கூடுதலாக ஒரு எர்த் கேபிள் போடுவது இங்கே ஓடும் எல்லா வண்டிக்கும் நல்லது. புது பேட்டரி வாங்கின மறுவாரமே “திரும்பவும் எடுக்கல” என்று நிற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த போல்ட்டைப் பார்க்காதவர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர், அல்லது தளர்ந்த பெல்ட்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் சைலென்ஸரைப் பாருங்கள். புகையே வரவில்லையா? டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு பார்வை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வெள்ளைப் புகை வந்தால், ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் ப்ளக் உள்ள இஞ்சினில் முதலில் அதைச் சோதியுங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு ப்ளக் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். ஓரிரண்டு ஓம் அல்லது அதற்கும் கீழே இருந்தால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லை என்றால் ப்ளக் செத்தது. எல்லா ப்ளக்கும் நன்றாக இருந்தும் காலையில் வெள்ளைப் புகையோடு அடம்பிடித்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

புகையே இல்லை என்றால் மெக்கானிக்கல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலினாய்டைப் பாருங்கள். பம்ப் மேல் ஒற்றை ஒயர் மாட்டிய சின்ன உருளை அது. சாவியை ஆன் செய்யும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் சத்தமில்லை என்றால் சோலினாய்டு போயிற்று. கரண்டே வரவில்லை என்றால் ஃப்யூஸ், அல்லது பச்சை பூத்த கனெக்டர். அதுவும் சரியாக இருந்தால் அடுத்து ஏர், அதாவது டீசல் பைப்பில் காற்று புகுந்திருப்பது.

ஏர் பிடிக்கும் விவகாரம்

பழைய டீசல் வண்டிக்காரர்கள் அதிகம் காசு விடுவது இங்கேதான். அறிகுறி இப்படி இருக்கும்: காலையில் மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், கிளம்பிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. கீழே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகியிருக்காது. ஒழுகாத இடத்தில் எப்படி ஏர் போகும் என்று கேட்பார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ரப்பர் ஓஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று ஏறி, பைப்பில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் பம்பைக் கழற்றி வேலைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பம்ப் வேலை பெரிய செலவு, ஓஸ் சில்லறைச் செலவு.

கண்டுபிடிக்கும் வழி: ஃபில்டருக்கு உள்ளே வரும் ஓஸைக் கழற்றி, நடுவில் கண்ணாடி டியூபை கிளிப் போட்டு இணைத்து, வண்டியை ஓட விடுங்கள். டியூபில் டீசல் தெளிவாக ஓட வேண்டும். முத்து முத்தாகக் குமிழி வந்தால் டேங்குப் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு மாட்டிப் பாருங்கள். முன்னால் குமிழி இல்லாமல் பின்னால் மட்டும் வந்தால் ஃபில்டர் தலையின் ரப்பர் ரிங்தான். பழுதான ஓஸை மடக்கிப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். டீசலுக்கென்றே விற்கும் ஓஸ் வாங்குங்கள், தண்ணீர் டியூப் சில மாதத்தில் உப்பிப்போகும். சோதித்த பிறகு கண்ணாடி டியூபை வண்டியில் விட்டுவைக்காதீர்கள், சூட்டில் இளகிக் கழன்றுவிடும்.

ஏர் எடுக்கும் முறை, மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு:

1. டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் முள் பொய் சொல்லும்.
2. ஃபில்டர் தலையில் உள்ள ப்ளீடிங் ஸ்க்ரூவை (பெரும்பாலும் 10 நம்பர்) ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கீழே துணி வையுங்கள்.
3. கையால் அழுத்தி டீசல் ஏற்றும் சின்ன கை பம்பை நிதானமாக அடியுங்கள். முதலில் ‘புஸ்’ஸென்று வெறும் காற்று வரும், பிறகு வெள்ளை நுரை, அதற்குப் பிறகு நுரையும் டீசலும் விட்டுவிட்டு வரும். நிறம் தெளிந்து, குமிழி ஒன்றுகூட இல்லாமல் ஒரே ஓட்டமாக வழியும் வரை அடியுங்கள். நுரை குறைந்ததுமே முடிந்தது என்று ஸ்க்ரூவை மூடுவதால்தான் பலருக்கு மறுநாளும் அதே தொல்லை.
4. பம்பை அழுத்திய நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.
5. செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவே அரை நிமிஷம் விடுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் எரியும்.
6. அப்படியும் எடுக்கவில்லை என்றால் நாசில் தலையில் உள்ள பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள்.

காமன் ரயில் வண்டியில் நான்காவது படியோடு நிறுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். சாவியை ஆன் செய்தாலே மின்பம்ப் ஓடும் வண்டி என்றால் நாலைந்து தடவை ஆன், ஆஃப் செய்தால் போதும்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் இறக்கும் திருகு இருக்கும். புத்தகத்தில் எப்படிப் போட்டிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை அதைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கேனில் வாங்கி வைத்த டீசலைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்க்காதீர்கள், தண்ணீரும் துருவும் அங்கேதான் தங்கும்.

புகையின் நிறம்

கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டர். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் ஓடும் வண்டியில் சாம்பல் அடைக்கும் வேகத்தைப் பார்த்தால் மாதம் ஒருமுறை திறப்பது நியாயம். காற்று அடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே, குறைந்த பிரஷரில் அடியுங்கள். பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் நேராக வெளியே தெரிந்தாலும் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, தூக்கிப்போடுங்கள். ஃபில்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் பைப்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறது.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி எல்லா பழைய வண்டியிலும் வரும். விசையோடு புகை தள்ளினால் ரிங் தேய்ந்து, போர் வேலைக்கு (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பது) நாள் நெருங்குகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாசனை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிற்று.

சூடு ஏறினால்

கூலன்ட்டுக்கு முதல் எதிரி நம் போர்வெல் தண்ணீர்தான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது ஊரறிந்த செய்தி. உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை கட்டும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட்டைப் புத்தகத்தில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வாரமே இறக்கி மாற்றிவிடுங்கள்.

சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். ஆறிய பிறகு வரிசையாகப் பாருங்கள்: கூலன்ட் அளவு, ஃபேன் பெல்ட், ரேடியேட்டரின் முன்பக்கம். சாம்பலும் உப்பு ஈரமும் சேர்ந்து துடுப்புகளுக்கு நடுவே கெட்டியாக அடைத்திருக்கும். இஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் துடுப்புகள் மடங்கிப்போகும். ஓடும் வண்டியில் மேல் ஓஸ் கொதித்து, கீழ் ஓஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது.

“நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, எடுத்துட்டு ஓட்டு” என்பார்கள். கேட்காதீர்கள். இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாது, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் இருந்தால், ஆறிய இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தால், அல்லது மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஓஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் போகிறது. ஹெட் வளைவதற்குள் வண்டியை நிறுத்துங்கள்.

துருவும் பிரேக்கும்

இதை நிதானமாகப் படியுங்கள். இஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் பைப் வெடித்தால் நிற்காது.

பின் ஆக்ஸில் மேல் குறுக்கே ஓடும் இரும்பு பிரேக் பைப்பைத் தேடுங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் ஒன்றை மெல்லக் கழற்றுங்கள். வெளியே தெரியும் பகுதி கறுப்பாக நன்றாகவே இருக்கும். கிளிப்புக்கு அடியில் மீன் தண்ணீரும் மண்ணும் தங்கி, பைப் செதில் செதிலாக உரிந்து மெலிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் துகள் உதிர்ந்து, வழவழப்பான இரும்பு தெரிந்தால் மேல்துருதான், தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். குழி விழுந்திருந்தால் அந்த பைப்பை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டுப் போடுவது, ஈயம் பற்றவைப்பது எல்லாம் கூடாது. ரப்பர் பிரேக் ஓஸ்களையும் மடக்கி வெடிப்புப் பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் அதை விடவே வேண்டாம். மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4-ஐயே ஊற்றுங்கள். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பெடல் திடீரென்று கட்டையானால், பிரேக் மிதிக்க உதவும் வேக்குவத்தைச் (உறிஞ்சுவிசை) சோதியுங்கள். இஞ்சின் நின்ற நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஓஸ், பூஸ்டர், வேக்குவம் பம்ப் மூன்றில் ஒன்று. பல வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

சேஸிஸில் துரு பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்னும், உளுத்தது ‘பொத்’ என்னும். கமான் பட்டை தொங்கும் கொக்கிகள், தொட்டி உட்காரும் போல்ட்டுகள், டீசல் டேங்க் பட்டி, கேபினுக்கு அடியில் உள்ள மடிப்புகள், இந்த இடங்களைத் தவறவிடாதீர்கள். மீன் லோடு இறக்கின அன்றே, காய்வதற்கு முன், நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுவதுதான் இதற்கெல்லாம் மருந்து. அதே போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு.

கழிவு ஆயிலை அடியில் பூசும் பழக்கம் நம் ஷெட்டுகளில் உண்டு. ரப்பர் புஷ்களை அது உப்பவைக்கும், மழையில் கழன்று கால்வாய்க்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்ததைப் பார்த்த ஊர் இது. துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, மெழுகு வகைப் பூச்சு கொடுங்கள். துருவைத் தேய்க்காமல் மேலே தார்ப்பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். கழிவு ஆயிலை கேனில் பிடித்து, சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆயில், கிரீஸ்

டீசல் இஞ்சினில் புது ஆயிலும் சில நாளிலேயே கறுக்கும். அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பால் கலந்த காபி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு தானாகக் கூடி டீசல் வாசனை அடித்தால் டீசல் இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டாதீர்கள். பழைய இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் சரிப்படும், ஆனால் புத்தகம் சொல்வதே இறுதி. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரும் மாறட்டும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (முனை மூட்டு), கமான் பின்கள், கிங் பின் என்று நிப்பிள் இருக்கும் எல்லா இடத்துக்கும் பழைய கிரீஸ் வெளியே தள்ளி, புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். மீன் லோடு வண்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கியர் போட்டுக் கிளம்பும்போது அடியில் ‘டங்’ என்றால் கிராஸைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால்

ஏர் ஃபில்டர் உயரம் வரை தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அது அமுங்காது. செல்ஃப் ஒருமுறை சுற்றினாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள், ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் நாசிலையோ ஹீட்டர் ப்ளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இஞ்சினைச் சுற்ற வேண்டும். அதை ஷெட்டிலேயே செய்யட்டும்.

இஞ்சின் தப்பித்தாலும் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் ஓடிய வண்டியில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைக் கட்டாயம் பாருங்கள். சூடான ஹவுஸிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அது வெளியே தெரியாது. இரண்டு மாதம் கழித்து பேரிங் சத்தமாகத்தான் தெரியும். ட்ரம் பிரேக்கையும் கழற்றி, சேற்றைக் கழுவி, காய வைத்து மாட்டுங்கள்.

எஃப்.சி.க்கு முன்னால்

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் அலையாமல் ஒரு மாதம் முன்பே தட்டிப் பார்க்கும் வேலையை முடித்துவிட்டால், வெல்டிங் இருந்தால் அவசரமில்லாமல் செய்யலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளைக் கழற்றவும், காமன் ரயில் வண்டியில் இசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் பிரிக்கவும் ஷெட்டில் சொல்லுங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப் அருகே தீப்பொறி படாமல் மறைப்பு கட்டச் சொல்லுங்கள்.

புகைச் சோதனைக்கு பி.எஸ்.-4-க்கு (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) முந்தைய டீசல் வண்டிக்கு அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள், பி.எஸ்.-4 வண்டிக்கு 50-க்குள் இருக்க வேண்டும். முதல் நாள் ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மாற்றுங்கள். அன்றைக்கு இருபது நிமிஷமாவது ஓட்டி, இஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போதே போய் நில்லுங்கள். இதற்குப் பிறகும் கரும்புகை நிற்கவில்லை என்றால் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் நாசில் கடையில் கொடுத்து, பிரஷரும் தெளிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பில் சீல் வைத்த திருகை மட்டும் வீட்டில் திருப்ப வேண்டாம்.